போனுக்குள் இருக்கும் படங்களும் வீடியோக்களும்: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இங்கே வருகிற போன்களில் முக்கால்வாசி உப்புத்தண்ணீர் குடித்தவை. கவுன்டரில் போனை வைத்து, "எவ்வளவு ஆகும்ணே?" என்று கேட்டு முடித்த பிறகு, குரலைத் தாழ்த்தி இன்னொரு கேள்வி வரும். "உள்ள இருக்குற படத்தை எல்லாம் யாரும் பாக்க மாட்டாங்கள்ல?" அந்த இரண்டாவது கேள்வி பாம்பனிலிருந்து வந்தாலும் கீழக்கரையிலிருந்து வந்தாலும் ஒரே குரலில்தான் வருகிறது. பதில்களை ஒரு இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று பட்டது.

மறைக்கிற மாதிரி என் போனில் ஒன்றுமே இல்லை. எனக்கு எதற்கு இதெல்லாம்?

இப்படிச் சொன்ன ஒருவரிடம், "சரி, லாக்கை எடுத்துட்டுப் போனை அந்த பெஞ்சில் அஞ்சு நிமிஷம் வச்சுட்டு டீ குடிச்சுட்டு வாங்க" என்றேன். சிரித்தார், ஆனால் வைக்கவில்லை.

தனிப்பட்ட படம் என்றாலே கெட்ட படம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம். கீழக்கரை லாத்தா (அக்கா) ஒருவர், தங்கையின் மருதாணி அன்று முக்காடு இல்லாமல் எடுத்த படம் அவர் வீட்டுப் பெண்களுக்கு மட்டும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது எடுத்த வீடியோ, டாக்டருக்கு அனுப்ப எடுத்த புண்ணின் படம், பாஸ்புக்கின் முதல் பக்கம், ஆதார் அட்டை எல்லாம் அப்படித்தான். வீட்டு முன்வாசல் தெருவுக்கு, கொல்லைப்புறம் நமக்கு. கொல்லைக்கு வேலி போட்டால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

படம் வெளியே போவது என்றால் யாரோ ஹேக் செய்துதானே?

என் கடை அனுபவத்தில் அப்படி இல்லை. படம் வெளியே போவது பெரும்பாலும் கையால். பூட்டாமல் கொடுத்த போன், பழைய மெமரி கார்டு, நம்பி அனுப்பிய ஆள், எல்லோருக்கும் ஒரே ஜிமெயில். இந்த நாலுக்கும் ஹேக்கர் வேண்டியதில்லை.

ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரு படம் எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். கேமரா ஃபோல்டரில் ஒன்று. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தன் பங்குக்கு 'சென்ட்' என்ற ஃபோல்டரில் சுருக்கிய நகல் ஒன்று வைத்துக்கொள்ளும். பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் கூகுள் போட்டோஸில் ஒன்று. வாட்ஸ்அப்பின் சொந்த பேக்கப்பில் ஒன்று. அக்காவின் கேலரியில் ஒன்று, அக்காவின் கூகுள் கணக்கில் இன்னொன்று. கேலரியைத் திறந்து டிலீட் அழுத்தினால் இதில் ஒன்றோ இரண்டோதான் போகிறது. அதனால் யாராவது "அழிச்சுட்டேன்ணே" என்றால் நான் திருப்பிக் கேட்பது, "எத்தனை இடத்துல?"

அழித்த படம் திரும்ப வருமா?

கொஞ்ச நாள் வரும். பேக்கப் ஆன படம் கூகுள் போட்டோஸ் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள். ஐபோனில் 'ரீசன்ட்லி டிலீட்டட்' என்ற இடத்தில் 30 நாள். அங்கேயும் போய் அழித்தால்தான் கணக்கு முடியும்.

விரல் ரேகை என் கையில் எடுக்கவே மாட்டேன் என்கிறது. அதனால் லாக்கே போடவில்லை. பரவாயில்லையா?

இது நம் கரைக்கே உரிய கேள்வி. கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள், அப்படியும் பாறை கிழித்துவிடுகிறது. வலை இழுக்கிறவர் உள்ளங்கை கயிறு மாதிரி காய்த்திருக்கும். ரேஷன் கடை மெஷினிலேயே விழாத ரேகை போனில் எங்கே விழும்? நாலு தடவை வைத்துப் பார்த்து, எரிச்சல்பட்டு, பூட்டையே எடுத்துவிடுகிறார்கள்.

ரேகை வேண்டாம், ஆறு இலக்க பின் நம்பர் போடுங்கள். ஈரக்கையோடு தொட்டாலும் ஓரளவு வேலை செய்யும். படகு நம்பரை மட்டும் வைக்காதீர்கள். அது படகின் பக்கவாட்டில் பெயின்ட்டில் எழுதி ஊருக்கே காட்டிக்கொண்டு நிற்கிறது. போன மாதம் மூன்று போனை நான் பார்த்த கையோடு திறந்து கொடுத்தேன், மூன்றும் படகு நம்பர். பேட்டர்ன் லாக் வைத்திருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கருவாட்டுக் கையோடு இழுத்த கோடு கண்ணாடியில் அப்படியே தெரியும்.

முகத்தைக் காட்டித் திறக்கும் பூட்டு விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில் முன்கேமராவை மட்டும் நம்பியது. சாயல் ஒத்த அண்ணன் தம்பிக்குத் திறந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஐபோனின் முகப்பூட்டு வேறு வகை. அது முகத்தின் ஆழத்தையும் அளக்கும், கண் திறந்து பார்க்கிறோமா என்றும் கவனிக்கும்.

வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன். பிள்ளைகள் கேம் விளையாட, கொழுந்தன் பேச, மாமியார் வீடியோ பார்க்க என்று எல்லோர் கையிலும் போகிறது. என்ன செய்வது?

போனைக் கொடுக்காதே என்று சொல்வது நடக்கிற காரியமில்லை. கொடுக்கிறபோது ஒரு அறையை மட்டும் திறந்து கொடுக்கலாம்.

ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' என்று ஒரு வசதி, செக்யூரிட்டி அமைப்பில் இருக்கும். அதையும், வெளியே வர பின் நம்பர் கேட்கும் தேர்வையும் போட்டுவிட்டு, கேமையோ யூடியூபையோ பின் செய்து கொடுத்தால், பிள்ளை அதை விட்டு வெளியே வர உங்கள் பின் நம்பர் வேண்டும். ஐபோனில் இதற்குப் பெயர் 'கைடட் ஆக்சஸ்', அமைப்பில் போட்டுவைத்தால் பக்கவாட்டுப் பட்டனை மூன்று முறை அழுத்தியதும் வரும். பல ஆண்ட்ராய்டு போன்களில் 'கெஸ்ட்' என்று விருந்தாளிக் கணக்கும் உண்டு. அதில் உங்கள் கேலரியே தெரியாது. சில கம்பெனிகள் அதை எடுத்துவிடுகின்றன, உங்கள் போனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பூட்டிய ஃபோல்டர். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைக் கவனிக்காமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். கூகுள் போட்டோஸில் உள்ள 'லாக்டு ஃபோல்டர்' போனின் அதே லாக்கில்தான் திறக்கும். மகனுக்குப் போனின் பின் நம்பர் தெரியும் என்றால் அந்த ஃபோல்டரும் அவனுக்குத் திறக்கும். ஐபோனின் 'ஹிட்டன்' ஆல்பமும் அப்படித்தான். 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் அது தானாகப் பூட்டியே இருக்கிறது, ஆனால் சாவி போனின் சாவியே. சாம்சங்கின் 'செக்யூர் ஃபோல்டர்' வேறு மாதிரி: அதற்குத் தனி நம்பர் வைக்கலாம். ரெட்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களிலும் தனிப் பூட்டு வைக்கும் இடம் இருக்கிறது, பெயர்தான் மாடலுக்கு மாடல் மாறும். போனின் பின் நம்பர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றால் இந்த இரண்டாவது வகைதான் உங்களுக்கு.

படங்களைப் பூட்டிய ஃபோல்டரில் போட்டேன். போன் கடலில் விழுந்துவிட்டது. படம்?

இதைக் கேட்டு ஒரு பெண் கடையிலேயே அழுதார். கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டுக்குள் எடுத்த வீடியோக்கள், அப்பா உயிரோடு இருந்தபோது எடுத்தவை. பத்திரம் என்று பூட்டி வைத்திருந்தார். வல்லத்திலிருந்து (நாட்டுப்படகு) தண்ணீருக்குள் போனது போன்.

கூகுளின் லாக்டு ஃபோல்டர் 2021இல் வந்தபோது பேக்கப் கிடையாது, போன் போனால் படமும் போச்சு. 2023இல்தான் பேக்கப் வசதி கொடுத்தார்கள், அதையும் நாமாகத்தான் போட வேண்டும். சாம்சங் ஃபோல்டரும் தானாக மேகத்துக்கு (இணையச் சேமிப்புக்கு) போய்விடாது. யாரும் பார்க்காமல் வைப்பது ஒரு வேலை, தொலையாமல் வைப்பது இன்னொரு வேலை. உப்புக்காற்றில் வாழ்கிற நமக்கு இரண்டாவதும் சமமாக முக்கியம். அப்படிப்பட்ட படங்களை ஒரு பென்டிரைவில் எடுத்து பீரோவில் நகையோடு வைத்துவிடுங்கள். பழைய முறைதான், ஆனால் வேலைக்கு ஆகிறது.

பழைய காலம் போல சில்லைக் கழற்றிப் படம் எடுத்துத் தர முடியுமா என்றும் கேட்பார்கள். இப்போதைய போன்களில் உள்ளே எழுதுவது எல்லாமே, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி சங்கேதமாக்கித்தான் எழுதப்படுகிறது. போர்டு மறுபடி உயிர் பெற்று, நீங்கள் உங்கள் பின் நம்பரைப் போட்டால்தான் படம். திருடனுக்கு இது கெட்ட செய்தி, உப்புத்தண்ணீரில் போனைப் போட்டவருக்கும் கெட்ட செய்தி.

கால்குலேட்டர் மாதிரி இருந்து உள்ளே படம் மறைக்கும் ஆப் போடலாமா?

வேண்டாம். யார் எழுதியது என்றே தெரியாத ஆப்பிடம் ஆகப் பெரிய ரகசியத்தைக் கொடுக்கிறீர்கள். தவறி அன்இன்ஸ்டால் செய்தால் படங்களும் சேர்ந்து போகும். போதாததற்கு, கால்குலேட்டர் இரண்டு இருந்தால் பத்தாவது படிக்கிற பையன் உடனே கண்டுபிடித்துவிடுவான்.

நான் எடுத்த படம் என் அண்ணன் போனில் தெரிகிறது. நான் அனுப்பவே இல்லையே!

இந்தக் கேள்விக்கு நானே ஒரு காலத்தில் காரணமாக இருந்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். கடை போட்ட புதிதில் புதுப் போன் வாங்கி வருகிறவர்களுக்கு ஜிமெயில் கணக்கு தொடங்கித் தருவேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது போன் வந்தால், "ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்ல" என்று அதே கணக்கைப் போட்டுவிடுவேன். வேலை சீக்கிரம் முடியும். ஒரு நாள் ஒரு மீனவர் வந்தார், முகமே சரியில்லை. மகள் காலேஜ் ஹாஸ்டலில் தோழிகளோடு நைட்டியில் எடுத்த படங்கள் வரிசையாக இவர் போனில் வந்து விழுந்திருக்கின்றன. மகள் மேல் தப்பில்லை, அவர் மேலும் இல்லை. இரண்டு போனிலும் ஒரே ஜிமெயில், கூகுள் போட்டோஸ் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, தனிக் கணக்கு தொடங்கிக் கொடுத்தேன்.

உங்கள் போனில் கூகுள் கணக்கைத் திறந்து 'உங்கள் சாதனங்கள்' என்ற பகுதியைப் பாருங்கள். நீங்கள் விற்றுவிட்ட போன், தம்பியின் டேப்லெட், மாமா வீட்டு டிவி எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கலாம். தெரியாததை வெளியேற்றிவிட்டு, பாஸ்வேர்டை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பிலும் 'லிங்க்டு டிவைசஸ்' என்று உண்டு. உங்கள் போன் இரண்டு நிமிஷம் ஒருவர் கையில் பூட்டில்லாமல் கிடைத்தால் போதும், அவர் கணினியில் உங்கள் வாட்ஸ்அப் ஓட ஆரம்பித்துவிடும். இரண்டையும் மாதம் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது கடைக்காரர் பார்ப்பாரா?

பார்க்க முடியும். பார்ப்பாரா என்பது ஆளைப் பொறுத்தது. என் தொழில்காரர்களைப் பற்றி நானே இதற்கு மேல் சொல்லக் கூடாது.

நடப்பு என்ன தெரியுமா? போனைக் கொடுத்ததும், "பாஸ்வேர்டு சொல்லுங்க" என்று கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, போனின் முதுகில் ஒட்டி, டப்பாவில் போடுவோம். பேட்டர்ன் என்றால் ஒன்பது புள்ளி வைத்துக் கோலம் மாதிரி கோடு இழுத்து ஒட்டுவோம். சாயங்காலம் வரை அந்த டப்பா திறந்தேதான் இருக்கும். கடையில் நான், என் உதவியாள், சாமான் கொண்டுவருகிற பையன். நான் இந்தப் பழக்கத்தை விட்டு ரொம்ப நாளாகிறது, ஆனால் ஊரில் எங்கே போனாலும் அந்தச் சீட்டைப் பார்க்கலாம்.

டிஸ்ப்ளே மாற்ற, பேட்டரி மாற்ற, சார்ஜ் பின் மாற்ற பாஸ்வேர்டு தேவையில்லை. டச் வேலை செய்கிறதா என்று அவசர அழைப்புத் திரையில் நம்பரை அழுத்தியே பார்த்துவிடலாம். கேமரா பூட்டிய திரையிலிருந்தே திறக்கும். சோதிக்க வேண்டும் என்று கேட்டால், வேலை முடிந்ததும் வந்து நீங்களே திறந்து காட்டுங்கள். போன் உயிரோடு இருந்தால் இன்னும் நல்ல வழி: சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்' என்று 2022 முதல் இருக்கிறது, பிக்சலில் 'ரிப்பேர் மோட்'. அதைப் போட்டுக் கொடுத்தால் கடைக்காரருக்கு வெறும் போன்தான் தெரியும், உங்கள் படம், மெசேஜ் எதுவும் தெரியாது. திரும்ப வாங்கியதும் உங்கள் நம்பரைப் போட்டால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு கொடுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். மெமரி கார்டுக்குப் பெரும்பாலும் எந்தப் பூட்டும் இல்லை, வேறு போனில் சொருகினால் எல்லாம் விரியும்.

உப்புத்தண்ணீர் போன போனுக்கு இந்த மோட் எதுவும் உதவாது, அது எழுந்தால்தானே போடுவது. உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அரிசிப் பானையில் புதைக்காதீர்கள். அரிசி உப்பை உறிஞ்சாது. நேரே கொண்டு வாருங்கள். போர்டு உயிர் பெற்றதும் பின் நம்பர் கேட்பார்கள், அப்போது பக்கத்தில் நின்று நீங்களே போடுங்கள். நிற்க விடாத கடைக்குக் கொடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் 'ஒருமுறை பார்' என்று அனுப்பினால் பயமில்லைதானே?

பயம் குறையும், போகாது. 'வியூ ஒன்ஸ்' படத்தை எதிராளி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வாட்ஸ்அப் விடாது. ஆனால் பக்கத்தில் இன்னொரு போனை வைத்து அந்தத் திரையைப் படம் எடுத்தால் யார் தடுப்பது? 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மறையும் மெசேஜும் அதே கதைதான். மறைவதற்குள் சேமித்துக்கொண்டால் முடிந்தது.

வரும் படங்கள் எல்லாம் கேலரியில் போய்க் கலக்காமல் இருக்க 'மீடியா விசிபிலிட்டி'யை அணைத்துவிடுங்கள். குறிப்பிட்ட ஒரு அரட்டையை மட்டும் பூட்ட 2023இல் 'சாட் லாக்' வந்தது. அப்புறம் பேக்கப்: வாட்ஸ்அப் உரையாடல் பூட்டியதுதான், ஆனால் கூகுளில் போய் உட்காரும் பேக்கப்புக்குத் தனியாகப் பூட்டுப் போட வேண்டும். 'எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப்' என்று அமைப்பில் இருக்கிறது. கடவுச்சொல்லை மறந்தால் பேக்கப் திரும்பக் கிடைக்காது, எழுதி வையுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரர் "வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்கிறார். அனுப்பலாமா?

நாம் எல்லோருமே அனுப்புகிறோம். ஆதார், சாதிச் சான்றிதழ், பெண்ணின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, நிச்சயதார்த்தப் படம். அந்தக் கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் நாள் முழுக்கத் திறந்து கிடக்கிறது, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஊர் மொத்தமும் இருக்கிறது. உங்களுக்கு அடுத்து வந்தவர் தன் ஃபைலைத் தேடும்போது உங்கள் பெண்ணின் படத்தைத் தாண்டித்தான் போகிறார்.

வேறு வழியில்லை என்றால், அச்சு வந்ததும், "அண்ணே, அதை அழிச்சிருங்க" என்று நின்று பாருங்கள். கணினியில் இறக்கியதும் ரீசைக்கிள் பின்னும் சேர்த்து. உங்கள் பக்கத்தில் 'எல்லோருக்கும் அழி' அழுத்தலாம், இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை அது வேலை செய்யும். ஆனால் கணினியில் இறக்கியதை அது தொடாது. ஆதாருக்கு முதல் எட்டு இலக்கத்தை மறைத்த 'மாஸ்க்டு ஆதார்' ஆதார் தளத்திலேயே கிடைக்கிறது.

படத்தில் இடமும் பதிவாகுமாமே?

லொக்கேஷன் போட்டிருந்தால் ஆகும். நடுக்கடலில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் இருக்கிறது. ஒரு தம்பி சீலா மீனோடு படம் எடுத்து, "குவாலிட்டி குறையக் கூடாது" என்று டாக்குமென்டாக குரூப்பில் அனுப்பினான். அப்பாவும் தாத்தாவும் வாய் திறக்காமல் காப்பாற்றி வந்த பாரின் (மீன் கூடும் கடலடிப் பாறையின்) இடம் அந்த ஃபைலுக்குள் அட்சரேகையோடு உட்கார்ந்திருந்தது. மறுநாள் அங்கே நாலு வல்லம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரம் உதிர்ந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் உதிராது. கேமரா அமைப்பில் 'லொக்கேஷன் டேக்' அணைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. வீட்டில் எடுத்த படத்துக்கும் இதே கதை, அங்கே கொடுப்பது வீட்டு வாசல்.

கடன் ஆப் கேலரி அனுமதி கேட்கிறது. கொடுத்தால்தான் பணம் என்கிறது.

அந்த ஆப்பை அப்போதே எடுத்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. கை காய்ந்திருக்கும், ஐயாயிரம் ரூபாய் ஐந்து நிமிஷத்தில் என்று விளம்பரம் வரும். கேலரியும் கான்டாக்ட்ஸும் அவர்கள் கைக்குப் போன பிறகு, தவணை ஒரு நாள் தவறினால் உங்கள் படத்தை வெட்டி ஒட்டி உங்கள் மச்சானுக்கு அனுப்புவார்கள்.

செயலி வழிக் கடன் கொடுப்பவர்கள் போனின் கேலரியையும் தொடர்புப் பட்டியலையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. 2023இல் கூகுள் பிளே ஸ்டோரும் கடன் ஆப்களுக்கு அந்த அனுமதிகளைத் தடை செய்தது. ஆகவே கேட்கிறது என்றாலே அது ஒழுங்கான ஆப் இல்லை. லிங்க் மூலம் இறக்கச் சொல்வது இன்னும் மோசம்.

மற்ற ஆப்களுக்கு: ஆண்ட்ராய்டு 14இலும் ஐபோனிலும், மொத்த கேலரிக்குப் பதில் தேர்ந்தெடுத்த படங்களுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம்.

கணவர் வெளிநாட்டில். வீடியோ காலில் பேசுவதை யாராவது பதிவு செய்ய முடியுமா?

நடுவில் ஒட்டுக்கேட்பது வாட்ஸ்அப் காலில் எளிதில்லை. ஆனால் இரண்டு முனையில் எந்தப் போனிலும் ஸ்கிரீன் ரெக்கார்டர் ஓடலாம். உங்கள் கணவரை நம்புகிறீர்கள், சரி. ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் எட்டுப் பேர் படுக்கும் இடத்தில் அவர் போன் சார்ஜில் கிடக்கிறது. ஆகவே அவர் போனிலும் நல்ல பூட்டு, அவர் பக்கமும் சாட் லாக், கேலரிக்குத் தானாகப் போகும் வசதி அணைப்பு. இதை ஒரு தடவை கால் போட்டே செய்யச் சொல்லிவிடலாம்.

பழைய போனுக்குப் பிளாஸ்டிக் குடம் தருகிறார்கள். போட்டுவிடலாமா?

குடத்துக்கு முன்னால் மெமரி கார்டைக் கழற்றுங்கள். கூகுள் கணக்கை அமைப்பில் போய் நீக்குங்கள். பிறகு ஃபேக்டரி ரீசெட். கடந்த சில வருடத்துப் போன்களில் ரீசெட் செய்தால் சங்கேதச் சாவி அழிந்துவிடும், படம் மீளாது. ரொம்பப் பழைய போனில் அந்த உறுதி இல்லை. டிஸ்ப்ளே செத்து ரீசெட் செய்யவே முடியாத போன் என்றால் குடம் வேண்டாம், கடையில் போர்டை மட்டும் கழற்றித் தரச் சொல்லி உடைத்துவிடுங்கள்.

போன் திருடு போய்விட்டது. முதலில் என்ன?

வேறு போனிலிருந்து உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, போனைக் கண்டுபிடிக்கும் வசதியில் பூட்டுங்கள், கிடைக்காது என்று தெரிந்தால் அழித்துவிடுங்கள். போனில் நெட் இருந்தால்தான் அந்தக் கட்டளை போய்ச் சேரும், அதனால் சிம்மை முடக்கும் முன் இதைச் செய்யுங்கள். பிறகு போலீஸ் புகார், அந்த நகலோடு அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) முடக்கலாம். 2023 மே முதல் நாடு முழுக்க நடக்கிறது. எண் போன் பெட்டியில் இருக்கும்.

அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு உடை மாற்றும்போது பயமாக இருக்கிறது.

பயம் வீணானதில்லை. 2024 டிசம்பரில் அக்னி தீர்த்தம் அருகே தனியார் உடை மாற்றும் அறை ஒன்றில் ரகசிய கேமரா வைத்திருந்ததைக் குளிக்க வந்த ஒரு பெண்தான் கண்டுபிடித்தார், கைதும் நடந்தது. உள்ளே போனதும் மேலே, சுவிட்ச் போர்டு, ஹேங்கர் கம்பி, ஓட்டை உள்ள டைல்ஸ் என்று ஒரு சுற்றுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சத்தம் போடுங்கள், பொருளைத் தொடாமல் 112 அழையுங்கள். பெண் உடை மாற்றுவதை அவருக்குத் தெரியாமல் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் குற்றம், முதல் தடவைக்கே ஒரு வருடத்துக்குக் குறையாத, மூன்று வருடம் வரையிலான சிறை.

ராமேஸ்வரம் கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது, வெளியே யாரிடமோ கொடுத்துவிட்டுத்தான் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும். அணைத்துவிட்டுக் கொடுங்கள். பூட்டிய திரையில் மெசேஜ் தெரியாதபடி நோட்டிஃபிகேஷனையும் மறைத்து வையுங்கள்.

படத்தை வைத்து மிரட்டுகிறார்கள். வீட்டில் சொல்ல முடியாது. என்ன செய்ய?

முதலில் பணம் அனுப்பாதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் அடுத்த தொகை வரும், படம் அழியாது. இரண்டாவது, கோபத்தில் அரட்டையை அழிக்காதீர்கள். நம்பர், கணக்கின் பெயர், மிரட்டிய வாசகம், பணம் கேட்ட யூபிஐ, தேதியோடு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள்.

சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்கலாம், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை அங்கே பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். மாவட்டத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு, நம்முடையது ராமநாதபுரத்தில். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098ம் உதவும். ஒருவரின் அந்தரங்க உறுப்பை அவர் சம்மதமின்றிப் படம் பிடிப்பதோ பரப்புவதோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவில் மூன்று வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். பாலியல் செயல் உள்ள படம் என்றால் 67ஏ, முதல் தடவைக்கு ஐந்து வருடம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். முகத்தை ஒட்டிச் செய்த பொய்ப் படம் என்றாலும் புகார் கொடுங்கள், "அது நான் இல்லையே" என்று சும்மா இருக்காதீர்கள்.

படம் சமூக வலைத்தளத்தில் ஏறாமல் தடுக்க 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசத் தளம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே படத்திலிருந்து ஒரு எண்கோவை உருவாகும், அது மட்டும்தான் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அந்தக் கோவையோடு ஒத்த படம் வந்தால் தடுக்கும். பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று தனித் தளம். ஏற்கெனவே ஏறிவிட்டால் அந்தந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள்.

இந்தக் கேள்வியைப் பெண்களை விட அதிகமாக என்னிடம் கேட்டவர்கள் ஆண்கள். தெரியாத பெண்ணிடமிருந்து வீடியோ கால், எடுத்தால் அந்தப் பக்கம் உடையில்லாமல் ஒருத்தி, பத்து வினாடி, அதற்குள் உங்கள் முகத்தோடு பதிவு. விசைப்படகு டிரைவர் ஒருவர் இரண்டு தடவை பணம் கட்டிவிட்டு மூன்றாவது தடவை கேட்டபோது என்னிடம் வந்தார். 1930க்கு நான்தான் அழைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு தன் மனைவியிடமும் சொன்னார். அவர் மனைவி சொன்னது: "இதுக்கா மூணு வாரமா சோறு திங்கல?"

அம்மாவுக்கு முதல் ஸ்மார்ட்போன் வாங்கித் தருகிறோம். என்னென்ன செய்து கொடுக்க வேண்டும்?

அம்மாவுக்கென்று தனி ஜிமெயில். ஆறு இலக்க பின் நம்பர். கேமராவில் லொக்கேஷன் அணைப்பு. வாட்ஸ்அப் புரொஃபைல் படம் 'மை கான்டாக்ட்ஸ்' மட்டும் பார்க்கும்படி. பூட்டிய திரையில் மெசேஜ் மறைப்பு. அரை மணி நேர வேலை.

என் அம்மாவுக்கு இதையெல்லாம் செய்து முடித்து, பின் நம்பர் மட்டும் அவரே போடட்டும் என்று போனைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். மறந்துவிடுவாரோ என்று, "என்னம்மா போட்ட?" என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு?" என்றார்.